அத்தையும் 312 தட்டுகளும்

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹால் நடுவில் 312 சிடிக்களைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா வாசலிலேயே நின்று, “சார், கடை வெக்கப் போறீங்களா?” என்றார்.

“இல்ல, கடையைக் கட்டப் போறார்” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. நான் கேட்கும் கேள்விகளுக்குத்தான் என் மனைவிக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது.

அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்மென்ட். அதற்குள் வீட்டிலிருக்கும் அத்தனை சிடியையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவது என்று சபதம். முதல் சிடி வாங்கியது 1994ல். அந்த மாசம் கடைசி வாரம் முழுக்க மத்தியானம் தயிர் சாதம். அப்படியானால் 312 சிடிக்கு எத்தனை தயிர் சாதம் என்ற கணக்கு என் மனைவியிடம் இருக்கிறது. ஆடிட் பார்ட்டிக்குக்கூட அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

“எல்லாப் பாட்டும்தான் போன்ல வருதே, அப்பா?” என்றான் பெங்களூரிலிருந்து பையன்.

“எல்லாப் பாட்டும் வராதுடா” என்றேன்.

“எது வரல, சொல்லுங்க?”

பத்துப் பதினைந்து பெயர் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தத் தட்டைப் பற்றிப் பேச எனக்கு தைரியம் போதவில்லை. உங்களிடமும் கொஞ்ச நேரம் கழித்தே சொல்கிறேன்.

* * *

சிடியை கம்ப்யூட்டரில் ஏற்றுவதை இங்கிலீஷில் ‘ரிப்’ என்கிறார்கள். கிழிப்பது என்று அர்த்தம். நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு பெயரா? நான் ‘உரிப்பது’ என்றே சொல்கிறேன். வாழைப்பழம் மாதிரி. தோல் அலமாரியில், பழம் கம்ப்யூட்டரில்.

இதிலென்ன கஷ்டம், ஃபைலை காப்பி பண்ணுவது போலத்தானே என்று நானும் நினைத்தேன். இல்லை சார். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய ஆடியோ சிடி 1982ல் கடைக்கு வந்தது. பாட்டின் ஒலி அலையை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, அளந்த எண்களைக் குழிகளாகப் பொறித்துவைத்த தட்டு அது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, ஒவ்வொரு அளவும் 16 பிட். மொத்தம் வினாடிக்கு 1,76,400 பைட். கிராமபோன் தட்டு வெளியோரத்தில் ஆரம்பித்து உள்ளே போகும். சிடி உள்ளே ஆரம்பித்து வெளியே வரும். அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் சுமார் 5 கிலோமீட்டர்.

(“வெளியோரத்துலதான் கடைசிப் பாட்டு இருக்கும்” என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

கீறல் விழுந்தால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். எண்களோடு சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் கலைத்துப் பரப்பித்தான் எழுதியிருப்பார்கள். ஒரு இடத்தில் கொஞ்சம் அழிந்தாலும் மற்ற இடத்தை வைத்து அச்சு அசலாக மீட்டுவிடலாம். அந்த அளவையும் தாண்டிக் கீறல் விழுந்துவிட்டால் பிளேயர் என்ன செய்யும் தெரியுமா? நாம் ஆபீஸில் செய்வதைத்தான் செய்யும்.

மார்ச் மாச எண்ணிக்கை தொலைந்துவிட்டது. பிப்ரவரியில் 40, ஏப்ரலில் 44. மேனேஜர் கேட்கிறார். நாம் 42 என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். பிளேயரும் அதே 42ஐ எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடும். சுத்தத் தமிழில் இதற்கு ஒப்பேத்துவது என்று பெயர்.

கேட்கும்போது அது நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த 42ஐக் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்தி, மூலத்தட்டும் கெட்டுப்போய்விட்டால், அப்புறம் என்றைக்கும் 42தான். ஒப்பேத்தியது ஆவணமாகிவிடும்.

கம்ப்யூட்டர் தகவல் எழுதிய சிடியில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு செக்டாருக்கு இருக்கும் 2,352 பைட்டில் 2,048ஐத்தான் தகவலுக்கு வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் சரிபார்ப்புக்கு. ஆடியோ சிடியில் 2,352ம் பாட்டுக்கே. சம்பளப் பட்டியலில் ஒரு எண் தப்பினால் யூனியன் வந்து நிற்கும், வயலினில் ஒரு எண் தப்பினால் யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆகவே ஆடியோ சிடியை ஒழுங்காக உரிக்க ஒரே வழி, சந்தேகம். படித்ததையே மறுபடி படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் தடவை. 312 தட்டுக்கு இப்படிச் சந்தேகப்பட மனுஷனால் முடியாது. நாலாவது தட்டிலேயே “சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிடுவோம். இயந்திரம் அப்படிச் சொல்லாது. இந்த வேலையை இயந்திரத்திடம் விட்டதற்கு வேகம் காரணமில்லை. அதற்கு அலுக்காது, அதுதான் காரணம்.

* * *

உரித்ததை எதில் போட்டு வைப்பது? எம்பி3 வேண்டாம் என்று முடிவு செய்தேன். எம்பி3 என்பது பெட்டிக்குள் அடங்குவதற்காகப் பாயின் ஓரத்தை வெட்டுவது. வெட்டியது காதுக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனாலும் வெட்டியது வெட்டியதுதான். ஃப்ளாக் என்று இன்னொன்று இருக்கிறது. அது பாயைச் சுருட்டி வைப்பது. விரித்தால் கடைசிக் கோரை வரைக்கும் அப்படியே இருக்கும்.

எப்படிச் சுருட்டுகிறது? ஆபீஸில் ஒருவர் தினமும் 9.40க்கு வருகிறார். (நம் ஆபீஸில் இல்லை, வேறு ஆபீஸில்.) 9.40, 9.41, 9.40, 9.43 என்று எழுதுவதற்குப் பதில், ‘வழக்கம் 9.40’ என்று ஒரு தரம் எழுதிவிட்டு, 0, 1, 0, 3 என்று வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். ஃப்ளாக்கும் முந்தைய எண்களைப் பார்த்து அடுத்த எண்ணை யூகித்து, யூகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் எழுதுகிறது. ஒரு சிடி பெரும்பாலும் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் ஒரு அளவுக்குச் சுருங்கும். என் 312 தட்டும் 110 ஜிபிக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். சட்டைப் பைக்குள் போகிற சமாசாரம்.

ஜோஷ் கோல்சன் என்பவர் 2000ல் இதை எழுத ஆரம்பித்து, 2001ல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். யாரும் காசு கொடுக்காமல் உபயோகிக்கலாம். 2024ல் இன்டர்நெட் தரநிர்ணய ஆவணமாகவும் பிரசுரமாகிவிட்டது. நாளைக்கு யாரோ கடையை மூடிவிட்டார்கள் என்று ஃபைலைத் திறக்க முடியாமல் போகாது. இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் மூல ஒலியின் கைரேகை மாதிரி ஒரு எண் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து “நீ அதே ஆள்தானா?” என்று கேட்டால், விரித்துப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லிவிடும். மனுஷர்களுக்கு அந்த வசதி கிடையாது.

* * *

ரிச்சி தெருவுக்குப் போய், பழைய டெஸ்க்டாப்புகளில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு டிவிடி டிரைவ் செகண்ட்ஹாண்டில் வாங்கினேன். இப்போது வரும் லாப்டாப்பில் தட்டு போட இடமே இல்லை. (இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன்.) பரணில் கிடந்த டெஸ்க்டாப்பை இறக்கி லினக்ஸ் போட்டேன். ‘விப்பர்’ என்று ஒரு இலவச ப்ரோக்ராம். ஒவ்வொரு பாட்டையும் சோதனைக்கு ஒரு தடவை, காப்பிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் திரும்பவும் முயலும்.

பையன் போனில் சொல்லச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தம் இருபது வரி. சொந்தமாக நான் எழுதியது மூன்று வரி, அதில் இரண்டு கமென்ட். அது செய்கிற வேலை இவ்வளவுதான். தட்டு உள்ளே போனதும் விழித்துக்கொள்ளும். விப்பரைக் கூப்பிடும். உரிக்கும், சுருட்டும், பெயர் வைத்து அதனதன் இடத்தில் அடுக்கும். காரியம் ஜெயமானால் ஒரு ‘பீப்’. சிக்கலானால் மூன்று ‘பீப்’. இரண்டுக்கும் கடைசியில் தட்டை வெளியே தள்ளிவிடும். நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

ஒரு தட்டுக்குச் சுமார் 12 நிமிஷம். 312க்கு 62 மணி நேரம். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் குடும்பம் கலையும். இப்படிச் செய்ததில், வழியே போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் தட்டை மாற்றிவிட்டுப் போகலாம்.

முதல் வாரம் நான் மட்டும்தான் மாற்றினேன். இரண்டாவது வாரம் வேலைக்கு வரும் அம்மா, “சார், உங்க மிஷின் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது” என்று சொல்லிவிட்டு, அவரே ஒரு தட்டை எடுத்து அதன் வாயில் வைத்தார். மூன்றாவது வாரம் என் மனைவி தாளிக்கும் கரண்டியோடு வந்து ஒன்று மாற்றினாள். “குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு. ஒரே வித்தியாசம், இது சாப்பிட்டுட்டுத் தட்டைத் திருப்பிக் குடுக்குது” என்றாள்.

ஒத்துழைப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு வயிற்றில் புளி. அந்த ஒரு தட்டு மட்டும் என் ஆபீஸ் பைக்குள் இருந்தது.

* * *

அடுத்தது பரீட்சை. இரண்டு தடவை படித்து ஒரே விடை வந்தால் சரி என்கிறோம். என் டிரைவே இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பாகப் படித்திருந்தால்?

இதற்காக ‘ஆக்யுரேட் ரிப்’ என்று ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. உலகம் பூராவும் அதே தட்டை உரித்தவர்களுக்கு வந்த விடையின் சுருக்க எண் அதில் இருக்கும். நம் விடையும் அதோடு ஒத்துப்போனால் பாஸ். ஆனால் டிரைவுக்கு டிரைவ் பாட்டு ஆரம்பிக்கும் இடம் துளி முன்பின்னாக இருக்கும். என் டிரைவ் 6 சாம்பிள் தள்ளிப் படித்தது. ஒரு வினாடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அதைத் திருத்திச் சொன்னால்தான் விடை ஒத்துப்போகும். விப்பரே அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது.

ஒரு பழைய நாகஸ்வரத் தட்டைப் போட்டேன். ‘இதே விடை வந்தவர்கள்: 4’ என்று வந்தது. கொஞ்ச நேரம் அந்த 4ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ யாரோ நாலு பேர், என்னைப் போலவே ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, இதே நாகஸ்வரத்தை உரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்ப வழியில்லை.

பெயர் விஷயம்தான் கூத்து. பெரும்பாலான சிடியில் பாட்டின் பெயர் எழுத்தாக இருக்காது. எத்தனை பாட்டு, எது எங்கே ஆரம்பிக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான். அதையே அடையாளமாக வைத்து ஒரு பொதுப் பட்டியலில் பெயர் தேடுவார்கள். 2003ல் நான் முதல் தடவை இந்த முயற்சியில் இறங்கியபோது அன்றைய பழைய பட்டியலில் தேடினேன். அதில் அடையாள எண் சின்னது, இரண்டு தட்டுக்கு ஒரே எண் வருவதுண்டு. காலங்காத்தால சுப்ரபாதம் போட்டால், ஏதோ ஹெவி மெட்டல் கோஷ்டியின் பெயர் வந்து நின்றது. உள்ளே பாடியது என்னவோ சுப்ரபாதம்தான்.

அந்த மாதிரி இலவசப் பட்டியல்களில் ஒன்றான ‘ஃப்ரீ டிபி’ 2020ல் மூடப்பட்டது. இப்போது நான் நம்பியிருப்பது ‘மியூசிக் பிரெயின்ஸ்’. ரசிகர்களே பெயர்களைச் சேர்க்கும் பட்டியல். ரசிகர்கள் சேர்ப்பதால் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். என் தட்டுகளில் அட்டைக்கு அட்டை வேறு மாதிரி. ஒரு ‘ஏ’ போட்ட இளையராஜா, இரண்டு ‘ஏ’ போட்டவர், நடுவில் ‘ஐ’ போட்டவர், ‘ஒய்’ போட்டவர் என்று என் கம்ப்யூட்டரில் நாலு இளையராஜா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கே அலமாரி போதவில்லை. டி.எம்.எஸ். ஒரு தட்டில் ‘டி’ வரிசையில் இருந்தார், இன்னொரு தட்டில் ‘எஸ்’ஸில்.

கடைசியில் எல்லாப் பெயரையும் தமிழில் எழுதுவது, ஒருவருக்கு ஒரே பெயர் என்று சட்டம் போட்டுக்கொண்டேன். இதை இயந்திரத்திடம் விட முடியவில்லை. நானும் மனைவியும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இளையராஜா 1986ல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு ‘ஹவ் டு நேம் இட்?’ என்று பெயர். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. அந்தத் தட்டு வந்தபோது அவள் ஸ்கிரீனைப் பார்த்து, “பாவம், அவருக்கும் இதே பிரச்சினை” என்றாள்.

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கேட்டாள்: “அம்மா பாடின சிடி எங்கங்க? இந்தக் குவியல்ல காணோமே?”

* * *

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1992ல். அடுத்த வருஷம் நவராத்திரிக்கு என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து கொலு வைத்தார். ஒன்பது ராத்திரியும் ஒரு பாட்டு. சங்கீதம் முறையாகப் படித்தவரில்லை. ஆனால் குரல் மணி மாதிரி. புதுசாக வாங்கிய டேப்ரெகார்டரைப் பெருமைக்காகக் கொலுப்படி பக்கத்தில் வைத்து நான் பதிவு செய்தேன். 2004ல் அந்த கேசட்டை ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றினேன். கடைக்காரர் அழகாக ஒன்பது பாட்டாகப் பிரித்து, மேலே வட்டமாக ஒரு காகித ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தார். அதில் மாமியாரே பிள்ளையார் சுழி போட்டு ‘நவராத்திரி 1993’ என்று எழுதினார்.

“சிடி நூறு வருஷம் வரும்” என்று யாரோ சொன்னார்கள். கேசட்டைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். 2012ல் மாமியார் காலமானார்.

கடையில் எழுதித் தரும் தட்டு வேறு, கம்பெனி அச்சடிக்கும் தட்டு வேறு. கம்பெனித் தட்டில் இருப்பது அழுத்திய குழி. எழுதிய தட்டில் இருப்பது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் ஆகாது. ஸ்டிக்கர் அதைவிட மோசம். நாம் பளபளப்பான கீழ்ப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பாட்டு இருப்பது மேல்பக்கம், லேபிளுக்குச் சற்றுக் கீழே. ஸ்டிக்கரைப் பிய்த்தால் பாட்டும் சேர்ந்து வந்துவிடும். அந்த ஸ்டிக்கர் ஓரத்தில் தானாகவே எழும்பியிருந்தது. வெளியோரத்தில். கடைசிப் பாட்டு இருக்குமே, அங்கே.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் அதைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவளே ட்ரேயில் வைத்தாள்.

மூன்று ‘பீப்’.

‘இது எழுதிய தட்டு மாதிரி இருக்கிறது, அப்படியானால் தனியாகச் சொல்லு’ என்ற பொருளில் விப்பர் நின்றுவிட்டது. சொன்னேன். மறுபடி மூன்று ‘பீப்’. இப்படி ஒரு தட்டே பட்டியலில் இல்லை, ‘தெரியாதது’ என்று ஒப்புக்கொண்டால்தான் மேலே போவேன் என்றது. ஒப்புக்கொண்டேன். “அம்மாவைத் தெரியாதாமா அதுக்கு?” என்றாள்.

ஆக்யுரேட் ரிப்பிலும் கிடையாது. கிடையாதுதான். நாகஸ்வரத்துக்கு நாலு பேர் இருந்தார்கள். இந்தத் தட்டு உலகத்திலேயே ஒன்றுதான். சரியாக இருக்கிறது என்று சொல்ல வெளியே ஆளில்லை. அதையே இரண்டு தடவை படித்து, அதன் வார்த்தையை அதையே வைத்துச் சோதிக்க வேண்டியதுதான்.

முதல் ஏழு பாட்டும் ஒத்துப்போயின. எட்டாவது மூன்றாம் முயற்சியில். ஒன்பதாவதில் ஐந்து தடவை முயன்று விப்பர் கைவிட்டது.

துணியால் துடைத்தேன். (சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்துத் தகவலைத் தொடர்ச்சியாகத் தின்றுவிடும்.) இன்னொரு டிரைவில் போட்டேன். இல்லை. ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் 2006ல் வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது, அதன் டிரைவைக் கழற்றி வாங்கி வந்தேன். வேகத்தைக் குறைத்து, விப்பருக்குள் இருந்து படிக்கும் வேலையைச் செய்கிற ‘சிடி பாரனாயா’வைத் தனியாக ஓட்டினேன். 1990களின் கடைசியில் எழுதியது. பெயரே சந்தேகப் பிராணி. ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் அது ‘கிர்ர்... கிர்ர்’ என்று திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் தூங்கப் போகவில்லை.

அப்போதுதான் சொன்னேன். “கேசட்டை நான்தான் தூக்கிப் போட்டேன். 2004ல. சிடி இருக்கேன்னு...”

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“குப்பைக்கூடையில பாத்தேன். எடுத்துத் துடைச்சு பீரோ கீழ்த்தட்டுல வெச்சேன். உங்களை நம்பி ஒரு பொருளை விட முடியுமா?”

எனக்கு உயிர் வந்தது. “எங்க, எடு!”

“2015 டிசம்பர் வெள்ளத்துல போச்சுங்க. கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணி. நான் உங்ககிட்ட சொல்லல. ஒழுங்கா மேல வெச்சிருக்கலாம்ல...”

கொஞ்ச நேரம் டிரைவ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குற்றவாளியாக இருந்திருக்கிறோம். என்னிடம் ஒரு பிரதி, அவளிடம் ஒரு பிரதி. அவளிடம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அது போனதும் தெரியாது.

ஒன்றே முக்காலுக்குப் படித்து முடித்தது. இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது பாட்டில் 4 நிமிஷம் 10 வினாடியில் ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். இரண்டு வினாடிக்கும் குறைவு. அங்கே டிரைவ் தடவைக்கு ஒரு விடை சொல்கிறது. மற்றதெல்லாம் அச்சு அசல்.

அந்த இடத்தைப் போட்டுக் கேட்டோம். ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஒரு சின்ன வெறுமை. இழுத்துத் தேய்த்துச் சரிசெய்யும் ப்ரோக்ராம்கள் இருக்கின்றன. 42 போட்டுவிடலாம்.

“வேணாம்” என்றாள். “அந்த இடத்துல அம்மா இருமுவாங்க. பனியில உக்காந்து கோலம் போட்டதுல சளி. எனக்கு ஞாபகம் இருக்கு. அப்படியே இருக்கட்டும்.”

ஃபைலில் குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு. அதில் ‘4:10ல் இரண்டு வினாடி தட்டில் கெட்டுவிட்டது. அங்கே பாடியவர் இருமினார் என்று மகள் சொல்கிறார்’ என்று எழுதினேன். ஒப்பேத்தவில்லை.

பாட்டு முடிந்து டேப்ரெகார்டரை அணைப்பதற்குள் மாமியார் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. “மாப்பிள்ளை, அந்தப் பொட்டியை அணைச்சுட்டு சுண்டல் சாப்பிட வாங்க. ஆறிடப் போகுது.” ஒரு பிட்கூடக் குறையாமல்.

* * *

பெயர் கட்டத்தை அவளே நிரப்பினாள். தலைப்பு: நவராத்திரி 1993. பாடியவர்: அம்மா. ‘இசை வகை’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கர்னாடகமா, பக்தியா, நாட்டுப்புறமா என்று யோசித்தேன். அவள் ‘சுண்டல்’ என்று டைப் அடித்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பீரோவின் மேல்தட்டில் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று திருச்சியில் மச்சினன் வீட்டில். எங்கே என்ன இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் அலமாரியிலும் கடையில் எழுதி வாங்கிய தட்டு ஒன்று, கல்யாணமோ தாத்தா பேச்சோ, கிடக்கும். அச்சடித்த சினிமாப் பாட்டு காத்திருக்கும், இன்னொரு நாலு பேரிடமாவது இருக்கும். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கிற தட்டை முதலில் உரியுங்கள். நான் செய்த மாதிரி கடைசிக்கு வைக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஒரு ‘பீப்’. ட்ரே வெளியே வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் 47 பாக்கி. போய் ஊட்டிவிட்டு வருகிறேன்.